நகமும் ஆமையோடும்

கிதார் வாசிப்பைக் கேட்போர் அவ்வாத்தியத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பது வழக்கம். எந்த மரத்தாற் செய்தது, தந்தி எஃகா நைலானா, எந்த நாட்டுப் பட்டறையிலிருந்து வந்தது என்பன அவை. தந்தியைத் தீண்டி எழுப்பியது எது என்று கேட்பவர் அரியர். ஆனால் ஒலி பிறக்கும் கணத்தில் மரமும் பட்டறையும் இன்னும் வாய் திறக்கவில்லை. தந்தியும் அதைத் தொட்ட பொருளும் மட்டுமே அங்கு இருக்கின்றன. பின்னர் வருவதெல்லாம் அந்த முதல் தீண்டலின் விளைவே.

அத்தீண்டலைச் செய்யும் சிறு தகட்டை ஆங்கிலம் அறிந்தோர் பிளெக்ட்ரம் என்பர். வாசிப்போர் சுருக்கமாகப் பிக் என்பர். அரசிலையின் காம்பைக் கிள்ளிவிட்டு, அதன் நீண்ட நுனியை மழுக்கினால் எவ்வடிவம் வருமோ, ஏறத்தாழ அவ்வடிவம். அகலம் ஓர் அங்குலம். கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. விலையோ ஒரு கோப்பைத் தேநீருக்கு மேற்படாத காலமும் உண்டு. சட்டைப்பையில் கிடந்து சலவைக்குப் போய்த் தொலைந்துபோகும் இப்பொருளுக்கு ஒரு வரலாறு உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் ஒரு நண்பர் இல்லத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். கிதார் வாசிப்பவர் அவர். நம்மைச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி அமரச் செய்து, ஒரே கிதாரில், ஒரே மெட்டை, நான்கு வெவ்வேறு தகடுகளால் வாசித்துக் காட்டினார். முதலாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய செல்லுலாயிட் தகடு. அதில் ஒலி பளிச்சென்று இருந்தது; ஆயினும் சதைப்பற்று இல்லை; ஒவ்வொரு மீட்டலுக்கும் முன்னே ஓலை சலசலப்பது போன்ற ஓர் ஓசை. இரண்டாவது நைலான். ஒலி மென்மையாயிற்று, ஓரம் மழுங்கிற்று. மூன்றாவது ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள நெகிழாத தகடு. கீழ்த் தந்திகள் திடீரென்று ஆளாகி நின்றன. நான்காவதை அவர் தம் பாட்டனாரின் பழைய மாண்டலின் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார். தேனும் புகையிலைச் சாறும் கலந்தாற்போன்ற நிறம். நுனி தேய்ந்து வழவழத்திருந்தது. அதன் ஒலி நம்மை மிகக் கவர்ந்தது. "இதுதான் அசல் ஆமையோடு. எங்கள் தாத்தா காலத்தது" என்றார் நண்பர். நாமும் தலையசைத்தோம். அந்தத் தகட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில், ஒரு தகடு ஒலியை எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். மீட்டப்படும் தந்தி முதலில் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு, தகடு பட்ட இடத்தில் முனை கொண்டு, முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல நிற்கிறது. தகடு நழுவியதும் தந்தி தன் இயல்பான அதிர்வுகளுக்குத் திரும்புகிறது. அந்த முனை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கு மேற்சுரங்கள் மிகும். முனை மழுங்கியிருந்தால் மேற்சுரங்கள் குறைந்து அடிச்சுரம் ஓங்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தமது ஒலி நூலில், விரலின் மென்சதையால் மீட்டிய தந்திக்கும் கூரிய முனையால் மீட்டிய தந்திக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வழியிலேயே விளக்கினார். கிதார் வாசிப்போர் கூர்நுனித் தகட்டைப் பளிச்சென்ற குரலுக்கும், உருண்ட நுனியைக் குழைந்த குரலுக்கும் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

கனத்தின் செய்தி சற்று வேறு. மெல்லிய தகடு தந்தியை அசைப்பதற்கு முன் தானே வளைந்துவிடுகிறது. கை செலுத்தும் விசையில் ஒரு பகுதி அவ்வளைவிலேயே செலவாகிறது. மேலும், வளைந்த தகடு நிமிரும்போது எழுப்பும் சொந்த ஓசை ஒன்று உண்டு. நாம் ஓலைச் சலசலப்பு என்றது அதையே. ஆறு தந்திகளையும் ஒருசேர வருடித் தாளத்துக்குத் துணை செய்பவர்கள் இந்த வளைவை வரமாகக் கொள்கின்றனர். தகடு எத்தந்தியிலும் சிக்காமல் ஆறையும் சமமாகக் கடந்து போகிறது. தனிச்சுரங்களை விரைவாகவும் தெளிவாகவும் வாசிக்க விரும்புவோர் கனமான தகட்டையே நாடுகின்றனர். வளையாத தகட்டில் கையின் எண்ணம் உடனே தந்திக்குச் சென்றுவிடுகிறது. ஆனால் அதற்கேற்பக் கை தளர்ந்திருக்க வேண்டும். கனத்த தகட்டை முரட்டுக் கையில் கொடுத்தால் தந்தி அறைபடும்.

இன்னொன்று, ஓரத்தின் வழவழப்பு. எஃகுக் கம்பியின் மேல் வெண்கலச் சரடு சுற்றிய கீழ்த் தந்திகளில் தகடு சாய்ந்து பட்டால் கீறல் ஓசை எழும். நன்கு மெருகேறிய ஓரம் அவ்வோசையைக் குறைக்கிறது. பழகிய தகடு புதியதைவிட நன்றாய் ஒலிக்கிறது என்று வாசிப்போர் சொல்வதில் உண்மை உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். கிதார் என்ற சொல் கிரேக்கரின் கிதாரா என்ற வாத்தியப் பெயரிலிருந்து பிறந்தது. அந்தக் கிதாராவைக் கிரேக்கர் ஒரு தகட்டால் மீட்டினர். அத்தகட்டை ஒரு கயிற்றால் வாத்தியத்தோடு கட்டியும் வைத்தனர். பழைய மண்பாண்ட ஓவியங்களில் அக்கயிற்றைக் காணலாம். தகடு தொலைந்துபோகும் தொல்லை அன்றே இருந்தது போலும்! பிளெக்ட்ரம் என்பதும் அவர்கள் சொல்லே. அடிப்பது என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. நம் நாட்டிலும் வீணை மீட்டும் கோலுக்கு வடமொழியில் கோணம் என்று ஒரு பெயர் உண்டு. ஆயினும் சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் மீட்டும் வகைகளைச் சொல்லும்போது வார்தல், உந்தல் என்று விரலின் தொழில்களையே எடுத்துரைக்கிறது. விரலா, விரலுக்கு வெளியே உள்ள ஒரு பொருளா என்ற கேள்வி இவ்வாறு மிகப் பழையது.

அரபு நாட்டு ஊத் வாத்தியத்தை மரத்துண்டால் மீட்டிவந்தனர் என்றும், கி.பி. 822-இல் ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரத்துக்கு வந்துசேர்ந்த ஸிர்யாப் என்னும் பெரும் பாடகர் மரத்தை விலக்கிக் கழுகிறகின் தண்டைப் புகுத்தினார் என்றும் ஒரு மரபு கூறுகிறது. இறகுத் தண்டு வளையும், ஆனால் ஒடியாது. தந்தியையும் அறுக்காது. ஐரோப்பாவில் ஊத்தின் வழித்தோன்றலாகிய லூட் வாத்தியமும் இறகினாலேயே மீட்டப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மாறுதல் நேர்ந்தது. ஒரே வாத்தியத்தில் இரண்டு மூன்று குரல்களை ஒருங்கே எழுப்ப விரும்பிய லூட் கலைஞர்கள் இறகைக் கீழே வைத்துவிட்டு விரல்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஒரு தகடு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கமுடியும். நான்கு விரல்களோ நான்கு தந்திகளில் இருக்கலாம். ஸ்பானிய கிதாரும் இவ்வழியே விரல் வாத்தியமாக வளர்ந்தது.

விரல் என்று முடிவான பின்னும் வழக்குத் தீரவில்லை. விரலின் சதையா, நகமா என்று கிளைத்தது. ஸ்பெயினில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பெர்னாண்டோ ஸோர் சதையின் கட்சி. நகத்தின் ஒலியை அவர் விரும்பவில்லை. 1830-இல் வெளிவந்த தமது பயிற்சி நூலில் அதை வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய ஆருயிர் நண்பர் தியோனிஸியோ அகுவாதோவோ நகத்தின் கட்சி. நகத்தை வெறுத்த ஸோர் இந்த ஒருவரை மட்டும் விலக்காகக் கொண்டு அதே நூலில் புகழ்ந்தார். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்று 'இரு நண்பர்கள்' என்ற பெயரில் ஓர் இசைப்படைப்பும் இயற்றினார். கலையில் கட்சி கட்டுவோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். இப்படிப்பட்ட எதிர்க்கட்சி வாய்ப்பது எல்லோருக்கும் கிட்டாத பேறு.

நகத்தின் கட்சியை நாம் சற்று ஊன்றி நோக்கவேண்டும். நகம் கெரட்டின் என்ற பொருளால் ஆனது. பறவையின் இறகும் அதனாலேயே ஆனது. மாட்டின் குளம்பும் கொம்பின் மேலுறையும் அதுவே. கடலாமையின் முதுகில் ஓடு ஓடாகப் படர்ந்திருக்கும் செதிளும் அதுவே. ஸிர்யாப்பின் கழுகிறகு, ஹார்ப்ஸிகார்டு வாத்தியத்தின் உள்ளே ஒவ்வொரு தந்தியையும் கிள்ளிய காக்கையிறகுத் துண்டு, வீணைக் கலைஞரின் நகம், இவையெல்லாம் வேதிநூலார் கண்ணில் நெருங்கிய சுற்றத்தார். மனிதன் நூற்றாண்டுதோறும் தேடியது தன் நகத்தையே. தேயாத, உடையாத, சற்றுக் கனமான நகத்தை. நம் வடநாட்டு ஸரோத் கலைஞர்கள் கொட்டாங்கச்சியைச் செதுக்கி ஜவா செய்துகொண்டதும், ஸிதார் கலைஞர்கள் கம்பியை வளைத்து மிஸ்ராப் என்று விரலில் அணிந்ததும் அத்தேட்டத்தின் வேறு விடைகள்.

ஆமையோடு இந்த வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது மாண்டலினால். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இறகினால் மீட்டினர். அடுத்த நூற்றாண்டில் அவ்வாத்தியம் எஃகுத் தந்தி பூண்டு, இழுவிசை மிகுந்து, இறகு தாங்காத நிலை வந்தது. அப்போது கைக்கு வந்தது ஆமையோடு. கெரட்டினில் இறகுக்கு இல்லாத உறுதி அதில் இருந்தது; கொம்புக்கு இல்லாத சீரான நெருக்கம் இருந்தது. வெந்நீரில் இட்டால் இளகும், வேண்டியவாறு வளைத்துத் தட்டையாக்கலாம், குளிர்ந்தால் இறுகும். எவ்வளவு மெல்லிதாகச் சீவினாலும் மெருகேறும். தந்தியில் வழுக்கும், விரலில் வழுக்காது. ஒரு தகட்டுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் ஒரு பிராணியின் முதுகில் அமைந்திருந்தன என்பது அப்பிராணியின் தீவினை.

அப்பிராணி அழுங்காமை. கழுகின் அலகு போன்ற வாயுடையது, கடற்பஞ்சுகளைத் தின்பது. அதன் இறைச்சி சில காலங்களில் நஞ்சாகும் என்பதை மன்னார் வளைகுடாக் கரையோர மக்கள் அறிவர். முதுகில் கூரையோடு போல ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருக்கும் பதின்மூன்று பெரிய செதிள்களுக்காகவே அது வேட்டையாடப்பட்டது. இவ்வாணிகமும் புதிதன்று. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க வணிக நூல், முசிறித் துறையிலிருந்து மேற்கே சென்ற பொருள்களில் மிளகோடும் முத்தோடும் ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது; தமிழகத்துக் கரையை அடுத்த தீவுகளில் பிடிக்கப்பட்டதும் அதில் அடங்கும் என்கிறது. அக்கால ரோமாபுரியில் கட்டில்களுக்கும் பெட்டிகளுக்கும் ஆமையோட்டு மெருகு பூட்டினர்.

ஓட்டை எடுத்த முறையைச் சொல்லாமற் போவது நியாயமன்று. இலங்கையில் ஆங்கிலேய அரசின் செயலாளராக இருந்த எமர்ஸன் டென்னெண்ட் 1861-இல் வெளியிட்ட இலங்கை உயிரினங்கள் பற்றிய நூலில் அதனை எழுதியிருக்கிறார். ஆமை இறந்து அழுகிய பின் எடுத்த ஓடு பாலாடை படர்ந்தது போல மங்கிவிடும். ஆகவே முட்டையிடக் கரையேறும் ஆமையைப் பிடித்து, உயிரோடு நெருப்பின்மேல் தொங்கவிட்டு, வெப்பத்தால் செதிள்கள் எலும்பினின்று கழன்றவுடன் அதனைக் கடலில் விட்டுவிடுவார்களாம். பிழைத்தால் ஓடு மீண்டும் முளைக்கும் என்று நம்பினர் போலும். நேப்பிள்ஸ் நகரத்து மாலையில் மாண்டலினின் நடுங்குகுரலைக் கேட்டு உருகியோர் இதனை அறிந்திருக்கமாட்டார்கள். இசைக் கலைஞர்மீது பழி முழுவதையும் சுமத்துவதும் தகாது. சீப்பும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் பொடிப்பெட்டியுமே ஓட்டின் பெரும்பகுதியைத் தின்றன; மீட்டுதகடு அவற்றின் வெட்டுத்துண்டிலும் ஆகக்கூடியது. ஆயினும் கணக்கில் சேர்ந்ததே.

கிதார் மீண்டும் தகட்டுக்கு வந்த கதை அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1880-இல் ஸ்பானிய மாணவர் குழுவொன்று அங்கே வந்து இசைத்தபின் நாடெங்கும் மாண்டலின் மோகம் பரவிற்று. மாண்டலின் குழுக்களில் துணைக் குரலாக அமர்ந்த கிதாரின் நரம்புத் தந்தி ஒலி எடுபடவில்லை. பெருங்கூடங்களும் நடன அரங்குகளும் வந்தன. ஒலி போதாமை மேலும் உறைத்தது. பென்ஸில்வேனியா மாநிலத்து நாஸரெத் ஊரில் கிதார் செய்துவந்த மார்ட்டின் நிறுவனம் 1922 வாக்கில் எஃகுத் தந்திக்கென்றே வலுப்படுத்திய கிதாரை விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. எஃகுத் தந்தியில் நகம் உடையும், சதை புண்ணாகும். தகடு தவிர வேறு வழியில்லை. எட்டி லாங் போன்ற கலைஞர்கள் 1920-களில் பான்ஜோவின் இடத்தில் கிதாரை அமர்த்தி, ஒரு தகட்டின் துணையால் அதனைத் தனிக்குரல் வாத்தியமாக உயர்த்தினர்.

அதே 1922-ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் செல்லுலாயிட் எப்படி வந்தது என்பதைக் கூறவேண்டும். பில்லியர்ட் பந்துகளுக்கு யானைத் தந்தம் போதாமற் போன காலத்தில், மாற்றுப்பொருள் காண்போருக்குப் பரிசு உண்டென்று அமெரிக்காவில் விளம்பரம் செய்யப்பட்டது. அதனால் தூண்டப்பட்டு ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் நைட்ரோசெல்லுலோஸைக் கற்பூரத்தோடு பிசைந்து, வெப்பத்தில் இளகிக் குளிரில் இறுகும் ஒரு பொருளைச் செய்து, 1870-இல் உரிமை பெற்றார். நம் கோயில்களில் ஆரத்தி காட்டும் அதே கற்பூரம்தான். யானைக்கு மாற்றாகப் பிறந்த இப்பொருள் விரைவில் ஆமைக்கும் மாற்றாயிற்று. தேன்நிறமும் கருநிறமும் கலந்து வார்த்தால், சீப்பு வாங்கும் பெண்மணிக்கு அசலும் போலியும் தெரியவில்லை.

நியூயார்க்கில் லூயிஜி தான்திரேயா என்னும் இத்தாலியக் குடியேறி 1922-இல் இத்தகைய செல்லுலாயிட் தாள்களையும் சில வெட்டு அச்சுகளையும் வாங்கி, பெண்டிரின் முகப்பூச்சுப் பஞ்சுகளுக்கு அலங்காரமாக இதய வடிவத் துண்டுகள் வெட்டினார். அவருடைய சிறு வயது மகன் அத்துண்டொன்றைப் பார்த்து, இது மாண்டலின் தகட்டைப் போல் இருக்கிறதே என்றானாம். அக்குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி இது. கதையில் மெருகு ஏறியிருக்கலாம்; விளைவில் ஐயமில்லை. தான்திரேயா நிறுவனம் பல அளவிலும் பல கனத்திலும் தகடுகளை வெட்டி எண்ணிட்டு விற்றது. அவ்வெண்களில் 351 என்பதே இன்று உலகெங்கும் கிதார்த் தகட்டின் பொது வடிவமாக நிலைத்திருக்கிறது. நாம் முதலில் அரசிலைக்கு ஒப்பிட்டது அதையே. மெல்லியது, நடுத்தரம், கனத்தது என்று கேட்டு வாங்கும் வழக்கம் ஊன்றியதும், ஒரு கலைஞர் தமக்குப் பிடித்த தகட்டை இழந்தால் அதே போன்ற இன்னொன்றை மறுநாளே கடையில் பெறமுடிந்ததும் இத்தகைய வார்ப்பினால்தான். ஆமையோட்டில் எந்த இரண்டு துண்டும் ஒன்றாக இரா.

பிடிப்பு என்பது தனிக்கதை. வியர்த்த விரலில் செல்லுலாயிட் நழுவும். வாசிப்பின் நடுவே சுழலும். அதற்காகத் தக்கை ஒட்டினர், நடுவில் துளையிட்டனர், எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்டனர். நம் நாட்டுக் கோடையில் வாசிப்பவர்கள் இவ்வுபாயங்களின் அருமையை அறிவர். கொல்கத்தாவில் ஹவாய் கிதார் பெரிதும் பரவியதற்கு 1940-களில் அந்நகரில் தங்கி வாசித்த தௌ மோயே போன்றோர் காரணம். அவ்வாத்தியக்காரர்கள் இத்தொல்லையிலிருந்து தப்பினர். அவர்கள் தகட்டைப் பிடிப்பதில்லை. பெருவிரலிலும் மற்ற விரல்களிலும் வளையமாக அணிகிறார்கள்.

எஃகுத் தந்தி கிதாரில் பிடில் மெட்டுக்களைத் தகட்டால் விரைந்து வாசிக்கும் முறையை நிலைநாட்டியவருள் வட கரோலினா மாநிலத்து டாக் வாட்ஸன் முதன்மையானவர். கண்ணொளி இல்லாத அவர் 1960-களில் மேடை ஏறியபின், கிதார் துணை வாத்தியம் என்ற பேச்சு அம்மரபில் அடங்கிற்று. அவ்வழியில் வந்த டோனி ரைஸ் ஆமையோட்டுத் தகட்டையே விரும்பினார். ஐரோப்பாவில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வழியினர் மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள தகடுகளைக் கையாள்கின்றனர். ஒரு தந்தியை மீட்டிய தகடு அடுத்த தந்தியில் சாய்ந்து இளைப்பாறும் அவர்கள் முறைக்கு வளையும் தகடு உதவாது. தகட்டின் தேர்வு வாசிப்பு முறையோடு பிறக்கிறது. வெறும் ஒலியை மட்டும் வைத்து இது நல்லது, அது தீயது என்று தீர்ப்பளிப்பவர் பாதியை மட்டுமே கேட்டவர்.

ஆமையோட்டின் காலம் சட்டத்தால் முடிந்தது. அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. 1977-இல் உலகின் எல்லாக் கடல்களையும் சேர்ந்த அழுங்காமை அதன் கடுமையான பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு அதற்கு உண்டு. அந்தமான் தீவுகளின் கரைகளில் அது இன்றும் முட்டையிடுகிறது. முட்டையிட்டு வெளிவந்த குஞ்சு தான் முட்டையிடும் பருவத்தை எய்த இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். ஒரு தலைமுறையில் அழித்ததை ஒரு தலைமுறையில் மீட்க முடியாத பிராணி அது.

தடை வந்தபின் மாற்றுத் தேடும் முயற்சி சூடுபிடித்தது. ஸ்காட்லாந்திலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜிம் டன்லப்பின் நிறுவனம் 1981-இல் டார்டெக்ஸ் என்ற தகட்டை வெளியிட்டது. அசெட்டால் வகைப் பிளாஸ்டிக்கினால் ஆனது. மேற்பரப்பு சாக்குக்கட்டி போலச் சொரசொரப்பானதால் விரலில் நழுவாது. கனத்துக்கு ஒரு நிறம்: ஆரஞ்சு 0.60 மில்லிமீட்டர், மஞ்சள் 0.73, பச்சை 0.88. தகட்டின்மேல் ஓர் ஆமையின் படம்! ஹார்ப்ஸிகார்டு செய்வோரும் காக்கையிறகுக்குப் பதிலாக அதே இனப் பிளாஸ்டிக்கைக் கைக்கொண்டனர். விமானப் பொறிகளுக்கென்று செய்யப்படும் பாலிமைடு என்ற விலையுயர்ந்த பொருளைச் செதுக்கிச் சிலர் தகடு செய்கின்றனர். தகடொன்றின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். பாலிலுள்ள கேசின் புரதத்தை இறுக்கிச் செய்வோரும் உளர். புரதத்துக்கு மாற்று இன்னொரு புரதமே என்பது அவர்கள் எண்ணம்.

ஆமையோட்டின் குரல் வேறெதிலும் வாராது என்று கூறும் பெரியோர் இன்றும் உண்டு. அவர்கள் கூற்றை நாம் முற்றும் தள்ளவில்லை. அதன் உறுதியும் மெருகும் உள்ளவையே. ஆனால் ஆமையோட்டை விரும்பியோர் பெரும்பாலும் கனத்த தகட்டை விரும்பியோர். பல்லாண்டு ஒரே துண்டை வைத்து ஓரம் தேய்த்து உருட்டியோர். அரை மில்லிமீட்டர் புதுப் பிளாஸ்டிக்கை அதனோடு ஒப்பிட்டுக் குறை கூறுவது, புது வேட்டியைப் பழகிய வேட்டியோடு ஒப்பிடுவது போன்றது. கனமும் நுனியும் மெருகும் சமமானால் எஞ்சும் வேறுபாடு கேட்பவர் காதைவிட வாசிப்பவர் விரலுக்கே மிகுதியாகத் தெரிகிறது என்பது நம் துணிபு. விரலுக்குத் தெரிவதும் பொய்யன்று. விரல் அஞ்சினால் இசை அஞ்சும்.

கொல்கத்தா நண்பரின் நான்காவது தகட்டுக்கு வருவோம். வாசித்து முடித்தபின் அதனை வாங்கிப் பார்த்தோம். கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், நுனி உருண்டிருந்தது, இரு பக்க ஓரமும் தேய்ந்து சரிந்திருந்தன. அசல் ஓடாயின் சட்டப்படி அது வீட்டில் இருக்கலாகாது என்ற அச்சமும் நண்பருக்கு இருந்தது. ஆமையோடு சூட்டில் கருகினால் மயிர் தீயும் நாற்றம் எழும். செல்லுலாயிட் ஆனால் சுடர்விட்டு எரிந்துபோகும். ஆகவே நெருப்புச் சோதனை வேண்டாம் என்றோம். உள்ளே சென்ற அவருடைய தாயார் ஒரு கம்பளித் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். தகட்டை அதில் வைத்து விரைவாகத் தேய்த்து, சூடேறியதும் மூக்கருகே பிடித்தோம்.

கற்பூரம் மணந்தது.

நண்பர் மறுபடியும் தேய்த்து முகர்ந்தார். பிறகு தாயாரிடம் கொடுத்தார். அந்த அம்மையார் முகர்ந்துவிட்டு, "உன் தாத்தா இதைக் கடைசி வரைக்கும் ஆமையோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். நண்பர் அதனைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாலை அவர் ஒரு மேடையில் அதைக் கொண்டே வாசித்தார்.